ஏழாம் நம்பர் ரத்தம்

பொன்னுதுரை அண்ணாச்சிக்கு ஊரில் எதிரி என்று யாரும் கிடையாது, அவருடைய கடைவாய்ப்பல்லைத் தவிர. அந்தச் சவம் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு மூன்றாவது வருஷமும் காளி வேஷம் கட்டி, குலசேகரன்பட்டினம் கடற்கரையில் ஆடிவிட்டு, அடுத்த வாரம் தூத்துக்குடி ஹார்பருக்கு கிரேன் ஓட்டப் போயிருப்பார். நமக்கும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

சும்மா சொல்லக்கூடாது, வருஷத்தில் பத்து மாதம் அண்ணாச்சி தங்கமான மனுஷன். தசராவுக்கு மாலை போட்டுவிட்டால்தான் ஆள் மாறிவிடுவார். எட்டுப் பேர் கொண்ட தசராக் குழுவுக்கு அவர்தான் தலை. தெருமுனைக் காலி மனையில் ஓலைக் குடில் போட்டு, நாற்பத்தெட்டு நாளும் எட்டுப் பேரும் அங்கேயே பொங்கித் தின்று, அங்கேயே படுத்து, அங்கிருந்தே வேலைக்குப் போய்வர வேண்டும். இதெல்லாம் மாலை போட்ட எல்லாருக்கும் உள்ளதுதான். அண்ணாச்சி அதற்கு மேல் தன் சொந்தச் சரக்காக ஒன்று சேர்த்திருந்தார். மாலை கழுத்தில் கிடக்கும்வரை இங்கிலீஷ் மாத்திரை ஒன்றுகூட வாய்க்குள் போகக் கூடாது. தலைவலியா, சுக்கு. வயிற்றுவலியா, ஓமம். காய்ச்சலா, அம்மன் பார்த்துக்கொள்வாள்.

"இந்தச் சட்டத்த யாரு அண்ணாச்சி போட்டா?" என்று யாராவது கேட்டால், "நான் சொல்லுதேன்லா?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

போன வருஷம் இந்தச் சட்டத்தில் மாட்டியவன் மாரிராஜ். அவன் கரடி வேஷக்காரன். ஊர் ஊராக வேஷத்தோடு காணிக்கை வாங்கிக்கொண்டிருந்தபோது கிட்னிக் கல் வலி வந்து, ரோட்டோரம் உருண்டு, ஒரு வலி மாத்திரையை முழுங்கிவிட்டான். கரடித் தலைக்குள்ளேயே வைத்து முழுங்கினான், யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தான். அண்ணாச்சி பார்த்துவிட்டார். நடுத்தெருவில், நாலு பேர் முன்னால், அவன் மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். மாரிராஜ் கரடிச் சட்டையைச் சாக்கில் கட்டி டவுன் பஸ் ஏறிப் போய்விட்டான். ஆனால் இந்த வருஷம் குடிலுக்கு ஓலை வந்து இறங்கும் முன்பே முதல் ஆளாக வந்து மாலைக்குக் கழுத்தை நீட்டினான். அன்றிலிருந்து வெளியே ஒரு வாய் டீ கிடையாது, ஒரு முறுக்கு கிடையாது. அண்ணாச்சியே அசந்துபோகிற மாதிரி விரதம் இருந்தான்.

அண்ணாச்சி இவ்வளவு விறைப்பாக இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அது அவர் மனைவி சண்முகசுந்தரி. மூன்று வருஷத்துக்கு முன் நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடந்தாள். அண்ணாச்சி கிரேன் உச்சியில் உட்கார்ந்து கடலைப் பார்த்து அழுதபடி, "இவளத் திருப்பிக் குடுத்துரு தாயே, மூணு வருஷம் ஒனக்குக் காளி கட்டி என் வாசல்லயே வந்து ஆடுதேன்" என்று நேர்ந்துகொண்டார். அவள் எழுந்து வந்தாள். இரண்டு வருஷக் காளி முடிந்தது. இது மூன்றாவது, கடைசி. இதில் ஒரு குறை வந்தால் அவள் ஆயுசுக்கு வந்துவிடும் என்று அந்த மனுஷன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அது யாருக்கும் தெரியாது.

இருபதாம் நாள் பல் வேலையைக் காட்டியது. விடிந்து பார்த்தால் இடது கன்னம் பணியாரம் மாதிரி உப்பி நிற்கிறது. கிராம்பு வைத்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், மஞ்சளைப் பத்துப் போட்டார். சாயங்காலம் வாய் திறக்க முடியவில்லை. சண்முகசுந்தரி குடில் வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"கிளம்புங்க, திருச்செந்தூருக்கு" என்றாள்.

"எதுக்குளா?"

"சாமி கும்பிடத்தான்."

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டார்கள், பொய்யில்லை. அதற்கு முன்னால் ஒரு பல் டாக்டரைக் கும்பிட்டார்கள். உள்ளூரில் காட்டினால் எவனாவது பார்த்துவிடுவான் என்றுதான் அவ்வளவு தூரம். மாலையைத் துண்டால் போர்த்தி மறைத்துக்கொண்டு அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் சீழை எடுத்துவிட்டு, "இப்படியே விட்டா கழுத்துக்கு எறங்கிரும், பெறவு உசிருக்கே ஆபத்து" என்றார். அண்ணாச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அதனால் வேறொரு மாத்திரை எழுதினார், நாளைக்கு ஒன்றாக மூன்று நாள்.

"மாத்திரையா? நானா?" என்று வெளியே வந்ததும் அண்ணாச்சி குதித்தார். "நீ பிழைச்சு வந்ததுக்கு நேர்ந்த நேர்ச்சைளா இது!"

"என்னப் பிழைக்க வச்சதும் மருந்துதான். பதினோரு நாளு சொட்டுச் சொட்டா ஏத்துனாங்க. அப்ப மட்டும் அம்மா கண்ண மூடிக்கிட்டாளா?" என்றாள் சண்முகசுந்தரி.

அவள் குடிலுக்குத் தினமும் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். பழத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மென்று தின்னாமல் முழுங்கினார், அவ்வளவுதான். மூன்று பழத்தில் கன்னம் வடிந்துவிட்டது. "மஞ்சப் பத்து கேட்டுச்சு பாத்தியளா" என்று குழுவில் வாய் கூசாமல் சொன்னார். பல்லையும் பிடுங்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அது தசரா முடிந்த பிறகு என்று தள்ளிப்போட்டார்.

இத்தோடு போயிருந்தால் தேவலை. முப்பதாம் நாள் மாரிராஜ் ஒரு பெண்ணைக் குடிலுக்குக் கூட்டிவந்தான். அவன் ஒரு மெடிக்கல் காலேஜில் ஏசி மெக்கானிக். அந்தப் பெண் அங்கே ஆராய்ச்சி பண்ணும் விஜிலா.

"அண்ணாச்சி, எனக்கு எட்டு ஆம்பளைங்க ரத்தம் வேணும்" என்றாள் எடுத்த எடுப்பில்.

காளி கட்டுகிறவரே ஒரு நிமிஷம் ஆடிப்போனார்.

விஜிலா சிரித்துக்கொண்டே விளக்கினாள். "கிருமி உள்ள வந்தா நம்ம ரத்தத்துல இருக்க வெள்ளையணுவுக்குக் கோவம் வரும் அண்ணாச்சி. அந்தக் கோவந்தான் வீக்கம், காய்ச்சல், வலி எல்லாம். செத்த கிருமியோட தோல ஒரு துளி போட்டு நான் அணுவச் சீண்டுவேன். எவ்வளவு கோவப்படுதுன்னு அளப்பேன். பெறவு ஆன்டிபயாடிக் போட்டுட்டுச் சீண்டிப் பாப்பேன். அது கிருமியக் கொல்லுத மருந்துன்னுதான நினைக்கோம்? சில மருந்து, கிருமியே இல்லாட்டாலும் நம்ம அணுவோட கோவத்த அடக்குது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா, எந்த மருந்து எவ்வளவு, அதான் என் ஆராய்ச்சி."

"சரிம்மா. அதுக்கு எங்க ரத்தந்தானா கிடைச்சுது?"

"ஆறு வாரமா ஆன்டிபயாடிக்கே தொடாத ஆளு வேணும். ரெண்டு மாசமா தேடுதேன். தும்முனா மெடிக்கல்ல போயி 'ஒரு செட்டு குடுங்க'ன்னு வாங்கித் தின்னுருதாங்க. அதுல என்னென்ன மாத்திரை இருக்குன்னு தின்னவங்களுக்கே தெரியாது. ஊருல ஒரு சுத்தமான ரத்தம் கிடைக்கல. அப்பந்தான் மாரிராஜ் அண்ணன் உங்களப் பத்திச் சொன்னாங்க."

"எங்க தலைவரு மாத்திரை விஷயத்துல ரொம்பக் கறாரு" என்றான் மாரிராஜ். "எனக்குத் தெரியாதா?"

அண்ணாச்சிக்கு மூன்று வாழைப்பழமும் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் தலைவர் அல்லவா, தாடியைத் தடவியபடி யோசித்தார். "விரதத்துல இருக்கவன் ரத்தம் குடுக்கலாமான்னு ஒரு கேள்வி இருக்குல்லா?"

"ரத்தம் குடுக்க யோசிக்கிற காளிய இப்பந்தான் பாக்கேன்" என்றான் மாரிராஜ். குடில் முழுக்கச் சிரித்தது. அப்புறம் என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலையில் பாயைப் போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். விஜிலா ஆளுக்கொரு ஃபாரம் கொடுத்தாள். 'கடந்த ஆறு வாரத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தது உண்டா?' என்று கேட்டு, உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். அண்ணாச்சிக்கு இந்தப் பக்கம் போலீஸ் வேஷக்காரன், அந்தப் பக்கம் மாரிராஜ். இரண்டு பேரும் தலைவர் என்ன போடுகிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'இல்லை'யில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டார். அவர் டியூபில் ஏழு என்று ஒட்டினாள் விஜிலா. மாரிராஜுக்கு நாலு.

ரத்தமெல்லாம் எடுத்து முடித்த பிறகு குரங்கு வேஷக்காரன் ஒரு சந்தேகம் கேட்டான். "ஆறு வாரம் எதுக்கும்மா? தின்ன மாத்திரை ரெண்டு நாள்ல மூத்திரத்தோட போயிராதா?"

"எல்லாம் போவாது. அசித்ரோமைசின்னு ஒண்ணு இருக்கு. ரத்தத்த விட்டுப் போனாலும் வெள்ளையணுவுக்குள்ள போயி உக்காந்துக்கிடும். வாரக்கணக்கா கிடக்கும். தின்னவன் மறந்தாலும் அணு மறக்காது" என்றாள் விஜிலா, டியூப்களைப் பெட்டியில் அடுக்கியபடி.

அசித்ரோமைசின். திருச்செந்தூர் மெடிக்கலில் சண்முகசுந்தரி கையில் வாங்கிய அட்டையில் அண்ணாச்சி எழுத்துக்கூட்டி வாசித்த அதே பேர். பெட்டியை எடுத்துக்கொண்டு விஜிலா ஸ்கூட்டியில் போவதை அவர் பேய் முழி முழித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கிரேனில் கன்டெய்னரைத் தூக்கிவிட்டு எங்கே வைப்பது என்று மறந்து அந்தரத்தில் தொங்கவிட்டார். கீழே இருந்தவர்கள் வாய் வலிக்கக் கத்தினார்கள். காலேஜில் கரண்டு போய் ஏழாம் நம்பர் மட்டும் கெட்டுப்போகக் கூடாதா என்று அம்மனிடமே கேட்டார். பிறகு அம்மனிடம் போய் இதையா கேட்பது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முப்பத்தைந்தாம் நாள் விஜிலா போன் பண்ணிக் கூப்பிட்டாள். போனார். ஏணி மேல் நின்று மாரிராஜ் ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஆகாத நேரம் என்றால் எல்லாம் சேர்ந்துதான் வரும்.

"ஏழு பேரு அணுவும் சீண்டுன உடனே சண்டைக்கு வந்துருச்சு அண்ணாச்சி" என்றாள் விஜிலா. "அதுலயும் நாலாம் நம்பர் இருக்கே, யப்பா, என்னா கோவம்!"

"நாலு நான்தான்" என்று ஏணியிலிருந்து குரல் வந்தது.

அந்தக் கோவம் யார் மேல் என்று அண்ணாச்சிக்குத் தெரியும்.

"ஆனா உங்களது..." விஜிலா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஏழு தூண் உயரமாக நின்றது. ஒன்று மட்டும் அரைத் தூணாக முடங்கிக் கிடந்தது. "எவ்வளவு சீண்டுனாலும் பெருசாக் கோவமே வரல. அண்ணாச்சி, பொறுமையா யோசிச்சுச் சொல்லுங்க. மருந்து ஏதாவது எடுத்தீங்களா? சளி, பல்வலி, எதுக்காவது?"

பல்வலி என்று வேறு சொல்லிவிட்டாள். அண்ணாச்சி ஏணியைப் பார்த்தார். ஏணியில் ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றுபோயிருந்தது.

"இல்லம்மா" என்றார்.

விஜிலாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன். ஒண்ணு மருந்து மாத்தி ஊத்திருக்கேன், இல்ல டியூப் மாறிருக்கு. எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்கு இன்னும் மூணே மாசந்தான் அண்ணாச்சி இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை ரத்தம் எடுக்க அடுத்த வாரம் வருவதாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டதை அண்ணாச்சியால் பார்க்க முடியவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

அவர் குடிலுக்கு வரும் முன்னால் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. போனில் சொன்ன மாரிராஜ் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னான். பொன்னுதுரை அண்ணாச்சி ரத்தத்தில் கிருமியையே போட்டும் ரத்தம் அசையவில்லையாம், மாத்திரை தொடாத விரதத்துக்கு அம்மன் கொடுத்த வரமாம். தெரு அதற்கு மேல் சேர்த்துக்கொண்டது. அடுத்த தெருவுக்குப் போனபோது அண்ணாச்சியைப் பாம்பு கடித்தும் ஒன்றும் ஆகாத அளவுக்கு வந்திருந்தது. குடில் வாசலில் ஆட்கள் திருநீறு வாங்க நின்றார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு நெற்றியிலும் கண்ணை மூடிக்கொண்டு பூசினார். அதையும் அருள் என்றார்கள்.

"சொல்லித் தொலைங்க" என்றாள் சண்முகசுந்தரி.

"சொன்னா மாலையக் கழட்டணும். நான் போட்ட சட்டம்ளா. மூணாவது வருஷம் காளி நின்னுபோவும். ஒனக்கு எதுவும் ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றார்.

தசராவுக்குக் கொடியேறியது. எட்டுப் பேரும் குலசேகரன்பட்டினம் போய்க் காப்புக் கட்டி வந்தார்கள். மறுநாள் சாயங்காலம் வேஷம் கட்டி முதல் கிளம்பல். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் நீலம் பூசியாயிற்று. கண்ணைச் சுற்றிச் சிவப்பு, தொங்குகிற நாக்கு, முதுகுக்குப் பின்னால் எட்டு மரக்கை கட்டியாயிற்று. கிரீடம் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து விஜிலா ஊசிப் பெட்டியோடு வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு வாரமாக ஒழுங்காகத் தூங்கவில்லை போல.

"அண்ணாச்சி, கொஞ்சம் கைய நீட்டுங்க" என்றவள் அந்தக் கோலத்தைப் பார்த்துத் திகைத்தாள். "எந்தக் கைய நீட்டுவீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒருத்தி காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் பிச்சம்மாள். உப்பு அறுத்த புண்ணில் சீழ் வைத்து இடது கால் முழங்கால்வரை வீங்கிப் பளபளவென்று சிவந்து கிடந்தது. மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அண்ணாச்சி காலடியில் வைத்தாள்.

"தாயே, பெரியாசுபத்திரியில பத்து நாளைக்குக் குடுத்தாங்க. ஒங்க சேதி கேட்டு மூணு நாளோட நிப்பாட்டிட்டேன். ரெண்டு நாளா பச்சத் தண்ணி கூட இல்லாம விரதம் இருக்கேன். ஒங்களுக்கு அடங்குன மாதிரி எனக்கும் அடங்கணும்" என்று அவர் காலைத் தொட்டாள். தொட்ட கை அனலாகக் கொதித்தது.

அண்ணாச்சிக்கு வேறு ஒன்றுமே ஓடவில்லை. மூச்சுக்குழாயோடு கிடந்த சண்முகசுந்தரிதான் கண்ணுக்கு முன்னால் வந்தாள். அவளுக்கும் இதே சூடு.

நாக்கைக் கழற்றி எறிந்தார்.

"எடுளா அந்த மாத்திரைய!" என்று போட்ட சத்தத்தில் குடில் ஓலை அதிர்ந்தது. "எடு! இப்பமே எடு! கோட்டிக்காரி, யாரக் கேட்டு நிப்பாட்டுன? எனக்கு அருளும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பல்லு வீங்கி, திருச்செந்தூருல போயி ஒளிஞ்சுக்கிட்டு நானும் மாத்திரதான் தின்னேன். மூணு நாளு, மூணு மாத்திர. வாழைப்பழத்துல வச்சு முழுங்கினேன்!"

பிச்சம்மாள் பயந்துபோய் அட்டையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். விஜிலாதான் முதலில் அசைந்தாள். பிச்சம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்துக் குடிக்கவைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டாள். "பாட்டில் தண்ணியையும் கொண்டு போங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி, ரெண்டு நாள் மாத்திரைய விட்டுட்டேன்னு மறைக்காமச் சொல்லுங்க" என்று ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து காளிக்கு நேராக நின்றாள்.

"ஏழு நாளு அண்ணாச்சி! ஏழு நாளு நான் என் கையவே நம்பாம அழுதிருக்கேன். வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்ல முடியலையா உங்களுக்கு?"

நீலக் காளி பத்துக் கையோடும் தலையைக் குனிந்து நின்றது. "தப்புதான் தாயி" என்றார் அண்ணாச்சி.

விஜிலாவின் கோபம் ஒரு நிமிஷம்தான் நின்றது. சட்டென்று பையைத் துழாவி நோட்டை எடுத்தாள். "என்ன மாத்திரை? அசித்ரோவா? எத்தன மில்லிகிராம்? கடைசி மாத்திரை எந்தத் தேதி?" அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். விரல்விட்டு எண்ணினாள். முகம் மாறியது. "மருந்து நின்னு ஒம்பது நாள் கழிச்சு எடுத்த ரத்தத்துலயுமா! யம்மாடி! மருந்து தொடாதவங்க லிஸ்ட்லேருந்து உங்கள வெட்டிட்டேன், அதுல மாத்தமில்ல. ஆனா ஒரு மனுஷன் நிஜமாத் தின்ன மருந்து ஒம்பது நாளுக்கு அப்புறமும் அணுவ அடக்கி வச்சிருக்குன்னு ஒரு சந்தேகத்துக்கு எடம் இருக்கு. ஒரு ஆள வச்சு எதுவும் சொல்ல முடியாது. இத மாதிரி இன்னும் பத்துப் பேரத் தேடணும். உங்களப் பத்தித் தனியா எழுதிக்கிடவா?"

"பேரு போட்டே எழுதும்மா."

"பேரெல்லாம் போட மாட்டோம். ஏழுதான்."

அவள் வேலை முடிந்தது. குடிலில் இருந்தவர்களுடைய வேலை முடியவில்லை. எல்லார் கண்ணும் பைய மாரிராஜ் பக்கம் திரும்பியது. கரடிச் சட்டையைப் பாதி போட்டு, தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான் அவன். அண்ணாச்சி அவன் முன்னால் போய்க் கழுத்தை நீட்டினார்.

"கழட்டுடே. என் சட்டந்தான். கழட்டு."

மாரிராஜ் மாலையைப் பிடித்தான். பிடித்த கையை எடுக்காமல் பேசினான். "போன வருஷம் இந்தக் கரடியச் சாக்குல கட்டி பஸ்ஸுல கொண்டு போனேன் அண்ணாச்சி. கண்டக்டர் சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டான். என்னன்னு கேட்டான். கரடின்னு சொன்னேன். பஸ்ஸே சிரிச்சுது. எனக்குக் கல்லு வலிகூட அப்பம் பெருசாத் தெரியல."

அண்ணாச்சிக்குக் கண் நிறைந்து நீலச் சாயம் கோடாக இறங்கியது. "வலிக்குத்தானலே தின்ன. எனக்குப் பல்லு வலிச்ச பெறவுல்லா அது வெளங்குது" என்றார்.

மாரிராஜ் மாலையை விட்டுவிட்டான். "மாலை கிடக்கட்டும். காப்புக் கட்டுனவன அம்மாதான் அவுத்து விடணும், நானும் நீங்களும் யாரு? ஆனா இந்த வருஷம் கரடி நீங்க போடுங்க. உள்ள இருந்தா எப்படி இருக்குன்னு பாக்கணும்லா? நானும் மாலை போட்ட நாள்லேருந்து குறைவில்லாமத்தான் இருக்கேன். காளிய நான் கட்டுதேன்."

அண்ணாச்சி எட்டு மரக்கையையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து அவன் முதுகில் கட்டினார். கிரீடத்தைத் தன் கையாலேயே தூக்கி அவன் தலையில் வைத்தார். இதற்கிடையில் போலீஸ் வேஷக்காரன் விஜிலாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "யம்மா, நான் நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை சப்பினேன், அதுவும் உங்க கணக்குல வருமா?" என்று காதோடு கேட்டான். அவனுக்குப் பின்னால் குரங்கும் குறவனும் மற்ற வேஷக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். தலைவலி மாத்திரை ஒருத்தன், வயிற்றுப்போக்குக்கு உப்புப் பவுடர் ஒருத்தன். "அதெல்லாம் ஆன்டிபயாடிக் இல்ல, பேசாமப் போங்க" என்று சிரித்து விரட்டினாள் விஜிலா. எட்டுப் பேரில் நிஜமாகவே எதையும் தொடாதவன் மாரிராஜ் ஒருத்தன்தான்.

மேளம் முழங்கக் கிளம்பினார்கள். முதல் வீடு எப்போதும் அண்ணாச்சி வீடுதான். மாரிராஜ் ஆடிய ஆட்டத்தில் தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. ஒரு வருஷத்துக் கோபத்தையும் இறக்கி ஆடினான், காளி அன்றைக்குக் காளியாகவே இருந்தாள். சண்முகசுந்தரி காளி காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டாள். கூட்டத்துக்குக் கடைசியில் ஒரு கரடி தொப்பை குலுங்க மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. உள்ளே வேர்வை ஆறாக ஓடுகிறது, கண் ஓட்டை வழியாகப் பாதி தெருதான் தெரிகிறது. இதற்குள் இருந்துகொண்டு கல் வலியையும் தாங்கினானே பாவி என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார்.

சண்முகசுந்தரி குங்குமத் தட்டோடு நேராகக் கரடியிடம் வந்தாள்.

"நேர்ச்சை கெட்டுப்போச்சுளா" என்றது கரடி, உள்ளிருந்து அழுகிற குரலில். "காளியா வந்து ஆடுதேன்னு சொன்னேன். கரடியா வந்து நிக்கேன்."

"நேர்ந்துக்கிட்டது நீங்க. பிழைச்சது நான்" என்றாள் சண்முகசுந்தரி. "தீர்ந்துச்சா தீரலையான்னு நான்லா சொல்லணும்?"

"சொல்லு."

கரடியின் நெற்றி மயிரை விலக்கிப் பெரிய பொட்டாகக் குங்குமம் வைத்தாள். "தீர்ந்துச்சு" என்றாள்.

பிறகு தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கரடியின் கையில் கொடுத்தாள். கரடி அதை வாங்கி, உரித்து, இரண்டாகப் பிட்டு உள்ளே உற்றுப் பார்த்தது.

"வெறும் பழந்தான். தின்னுங்க" என்றாள் அவள்.